புகை மணக்கும் பைங்கன் பர்த்தா: வீட்டில் செய்வது எப்படி?

கத்தரிக்காய் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பிரியாணி ஆக்கினால் பக்கத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய் இருக்க வேண்டும். நெய்ச்சோறு என்றால் தால்சாவில் கத்தரிக்காய் கிடக்க வேண்டும். புளியும் எண்ணெயும் மசாலாவும் சேர்ந்த சுவைதான் நமக்குப் பழகிய கத்தரிக்காய்ச் சுவை.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ டெல்லி, லூதியானா, பாட்னா பக்கம் போய் வந்த பிள்ளைகள் வேறொரு கத்தரிக்காயைப் பற்றிச் சொல்வார்கள். முழுக் காயை நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, சதையை மசித்து, வெங்காயம் தக்காளியோடு கிளறி, சூடான ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பைங்கன் பர்த்தா அது. வாயில் வைத்தால் முதலில் தெரிவது காரம் அல்ல, புகை மணம்.

இதை வீட்டில் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "மசாலா எல்லாம் சரியாகத்தான் போட்டோம், அந்த மணம் மட்டும் வரவில்லை." அந்த மணம் மசாலாவில் இல்லை. கத்தரிக்காயின் தோல் கருகுவதில் இருக்கிறது. தோல் கறுத்ததும் "தீய்ந்துவிட்டதே" என்று பயந்து பாதியில் இறக்கிவிடுகிறோம். குறை அங்கேதான் நேர்கிறது.

பெயரும் ஊரும்

இந்தியிலும் உருதுவிலும் பைங்கன் என்றால் கத்தரிக்காய். பர்த்தா என்றால் சுட்டோ வேகவைத்தோ மசித்தது. ஒருவரை நையப் புடைப்பதைக்கூட வட இந்தியாவில் 'பர்த்தா ஆக்கிவிட்டான்' என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். நம் பெண்கள் அணியும் பர்தாவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது வேறு சொல்.

கத்தரிக்காயின் பெயர் போன வழியும் அறிய வேண்டியது. இந்தியாவில் பிறந்த சொல் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரபு மொழியில் 'பாதின்ஜான்' ஆனது. அரபியரிடமிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளுக்குப் போனது. போர்ச்சுகீசியர் கப்பலில் அது மறுபடி இந்தியாவுக்கே வந்தது. ஆங்கிலச் சொல் என்று நாம் நினைக்கும் 'பிரிஞ்சால்' அப்படித் திரும்பி வந்ததுதான். அப்பாஸிய கலீஃபா மஃமூனின் மனைவி பூரான் அவர்களின் பெயரால் 'பூரானிய்யா' என்ற கத்தரிக்காய் உணவு பக்தாதில் பேர்பெற்றிருந்தது. பழைய அரபுச் சமையல் நூல்களில் கத்தரிக்காய்க்குத் தனி இடமே உண்டு.

சுட்டு மசிக்கும் வழக்கம் பஞ்சாபோடு நிற்கவில்லை. பீகாரில் இதற்குப் பெயர் சோக்கா. வங்காளத்தில் பேகுன் போடா, பங்களாதேஷில் பேகுன் பர்த்தா, மராட்டியத்தில் பரீத், குஜராத்தில் ஓளோ. நம் ஊரிலும் பாட்டிமார் விறகடுப்புத் தணலில் கத்தரிக்காயைப் புதைத்துச் சுட்டுத் துவையல் அரைத்தார்கள், தயிர்ப் பச்சடி செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் உண்டு. விறகடுப்பு போனதோடு இந்தப் பழக்கமும் நம் வீடுகளில் குறைந்துவிட்டது.

புகை மணம் எப்படி வருகிறது?

கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சதை பஞ்சு போன்றது, உள்ளே காற்று நிறைந்திருக்கும். எண்ணெயில் பொரித்தால் அவ்வளவு எண்ணெயையும் அது குடித்துவிடுவது இதனால்தான்.

முழுக் காயைத் தீயில் வைக்கும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. வெளியே தோல் கருகிப் புகைகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிச் சதையை அவிக்கிறது. சதை வெந்து தளர்ந்து, காற்றறைகள் அமுங்க, கருகிய தோலின் மணம் அதில் இறங்குகிறது. தோல்தான் மணம் தருகிறது. உள்ளே இருக்கும் சதை கருகாமல் காப்பதும் அந்தத் தோல்தான். ஆகவே தோலைச் சீவிவிட்டுச் சுட்டாலோ, துண்டுகளாக நறுக்கி வதக்கினாலோ பர்த்தா வராது. குக்கரில் வேகவைத்தால் சதை மசியும், மணம் இருக்காது. மைக்ரோவேவ் அடுப்பிலும் அப்படியே. அதில் முழுக் காயைக் கீறாமல் வைத்தால் வெடிக்கவும் செய்யும்.

காய் பார்த்து வாங்குதல்

நம் சாம்பார்க் கத்தரிக்காய் இதற்குச் சிறியது. கடைகளில் பெரிய உருண்டைக் கத்தரிக்காய் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு காய் 400 முதல் 500 கிராம் இருந்தால் நான்கு பேருக்குப் போதும். கிடைக்காவிட்டால் நீளக் கத்தரிக்காய் நான்கைந்து எடுத்துக்கொள்ளலாம். அவை விரைவாகச் சுடும்.

தோல் பளபளப்பாக, சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு காய்களில் கனம் குறைந்ததை எடுங்கள். கனத்த காய் முற்றி விதை நிறைந்ததாக இருக்கக்கூடும். விதை மிகுந்தால் கசக்கும்.

புழு ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். கத்தரியில் காய்ப்புழு அதிகம். குழம்புக்கு நறுக்கும்போது புழு கண்ணில் படும். முழுதாகச் சுடும்போது படாது. எனவே கழுவித் துடைத்த பின், காம்பை வெட்டாமல், நீளவாக்கில் நான்கு இடங்களில் ஆழமாகக் கீறி, விரித்து உள்ளே பார்த்துவிடுங்கள். ஆவி வெளியேற இந்தக் கீறல்களே வழி. கீறாத காய் அடுப்பில் வெடித்துச் சூடான சதை மேலே தெறிக்கும். ஒவ்வொரு கீறலிலும் உரித்த பூண்டுப் பல் ஒன்றைச் செருகினால் அதுவும் சேர்ந்து வெந்துவிடும்.

சுடும் முறை

1. காயின் மேல் சில துளி எண்ணெய் தடவுங்கள். தோல் சீராகக் கருகும், உரிப்பதும் எளிது.

2. கேஸ் அடுப்பின் மேல் சப்பாத்தி சுடும் கம்பி வலையை வைத்து, அதன்மேல் காயை வையுங்கள். தீ நடுத்தரமாக இருக்கட்டும். பெருந்தீயில் தோல் சீக்கிரம் கருகிவிடும், நடுச்சதை வேகாது.

3. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் காம்பைப் பிடித்துத் திருப்புங்கள். எல்லாப் பக்கமும் ஆன பிறகு, அடிப்பக்கத்தையும் காம்புப் பக்கத்தையும் தீயில் சற்று நேரம் காட்டுங்கள். கடைசியில் வேகும் இடம் காம்படிதான்.

4. பெரிய காய்க்கு 15 முதல் 20 நிமிடம் ஆகலாம். கடிகாரத்தைவிடக் காயைப் பார்ப்பது நல்லது. தோல் முழுவதும் கறுத்து, காகிதம்போல் வெடித்து, காய் தொய்ந்து தட்டையாகிவிட வேண்டும். காம்புக்கு அருகில் கத்தி முனையைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். எங்காவது தடுத்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

5. இறக்கிய காயை ஒரு பாத்திரத்தில் வைத்துப் பத்து நிமிடம் மூடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். மீதிப் புகை சதையில் இறங்குவதும் தோல் தளர்வதும் இந்த நேரத்தில்தான்.

6. விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தோலை உரியுங்கள். குழாயடியில் காட்டிக் கழுவினால் இவ்வளவு நேரம் சேர்த்த மணம் தண்ணீரோடு போய்விடும். ஒன்றிரண்டு கறுப்புத் துகள் ஒட்டியிருந்தால் குற்றமில்லை. கருகிய தோலைப் பெரிதாகச் சேர்த்துவிட்டால் கசக்கும்.

7. பாத்திரத்தில் தேங்கிய சாற்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனித்தால் சதையோடு சேருங்கள், கசந்தால் கொட்டிவிடுங்கள். காம்பை நீக்கி, சதையைக் கத்தியால் கொத்தியோ மத்தால் மசித்தோ வையுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கசப்பதோடு பசைபோல் ஆகிவிடும்.

தாளித்துக் கிளறுதல்

நான்கு பேருக்குத் தேவையானவை: 500 கிராம் காயைச் சுட்டு எடுத்த சதை, நடுத்தர வெங்காயம் 2, பழுத்த தக்காளி 2, பச்சை மிளகாய் 2, ஒரு அங்குல இஞ்சி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி, மல்லித் தூள் 1 தேக்கரண்டி, கரம் மசாலா ஒரு சிட்டிகை, உப்பு, கைப்பிடி மல்லித்தழை.

எண்ணெய் காய்ந்ததும் சீரகத்தைப் பொரியவிடுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். பொடியாக நறுக்கிய இஞ்சியும் மிளகாயும் சேர்த்து ஒரு நிமிடம் கிளறி, மஞ்சள், மிளகாய், மல்லித் தூள்களைப் போடுங்கள். உடனே தக்காளியும் உப்பும் சேர்த்து, தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும் வரை விடுங்கள். அதன்பின் கத்தரிக்காய்ச் சதையைச் சேர்த்து, சிறுதீயில், மூடாமல், ஐந்து முதல் ஏழு நிமிடம் கிளறுங்கள். கரம் மசாலாவும் மல்லித்தழையும் தூவி இறக்குங்கள்.

நம் கைக்குப் பழகிய அளவில் மசாலா போட்டுவிட வேண்டாம். பட்டை, கிராம்பு, சோம்பு கூடினால் புகை மணம் அடங்கிவிடும். புளியும் தேங்காயும் இதில் இல்லை. பஞ்சாபில் குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி சேர்ப்பதுண்டு. கடுகெண்ணெய் பழக்கம் இல்லாதவர்கள் கடலை எண்ணெயில் செய்யலாம்.

மசாலாவே வேண்டாம் என்றால் பீகார் முறை இருக்கிறது. சுட்ட கத்தரிக்காய்ச் சதையோடு சுட்ட தக்காளி, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, உப்பு, சில துளி பச்சைக் கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் சோக்கா. தணலில் சுட்ட லிட்டி என்ற மாவு உருண்டையோடு அதைச் சாப்பிடுகிறார்கள். மராட்டியத்தின் ஜல்காவ் பகுதியில் விளையும் வெளிர்பச்சை நிறப் பெரிய கத்தரிக்காய், பரீத்துக்கென்றே பேர்பெற்றுப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அங்கே காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை எரித்துச் சுட்டு, பச்சை மிளகாய், பூண்டு, நிலக்கடலை, வெங்காயத்தாள் சேர்க்கிறார்கள்.

இண்டக்ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீடுகளுக்கு

கனமான இரும்புத் தோசைக்கல்லைச் சூடாக்கி, எண்ணெய் தடவிய காயை வைத்து, மூடி போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். கல்லில் பட்ட இடமெல்லாம் கருகும், சதையும் நன்றாக வேகும். மணம் தீயில் சுட்ட அளவுக்கு இருக்காது. அதை ஈடுகட்ட வட இந்தியாவில் கபாபுக்கும் இறைச்சிக்கும் செய்வதுபோல் 'துங்கார்' போடலாம். ஒரு சிறு அடுப்புக்கரித் துண்டைச் சிவக்கும் வரை பழுக்க வைத்து, சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, பர்த்தாவின் நடுவில் வையுங்கள். கரியின் மேல் அரைத் தேக்கரண்டி நெய் விட்டதும் புகை எழும். உடனே மூடி, மூன்று நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அதிக நேரம் விட்டால் கரிப்புச் சுவை ஏறும்.

கரியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சாம்பிராணி போட விற்கும், தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றிக்கொள்ளும் வட்டக் கரியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சீக்கிரம் பற்றுவதற்காக அதில் இரசாயனம் சேர்க்கப்படுகிறது. மரக்கரியோ சிரட்டைக் கரியோதான் உணவுக்கு ஏற்றது. இரண்டாவது, கரியைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலோ மொட்டைமாடியிலோ வைத்துப் பழுக்க வையுங்கள். மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் இறந்த செய்திகளை நாம் பார்த்திருக்கிறோம். வேலை முடிந்ததும் கரியைத் தண்ணீரில் போட்டு முழுவதும் அணைத்துவிடுங்கள்.

அடுப்படியில் கவனம்

இருபது நிமிடம் திறந்த தீக்கு அருகில் நிற்கும் வேலை இது. தொங்கும் துப்பட்டா, சேலை முந்தானை, அகன்ற கை வைத்த உடை ஆகியவற்றைக் கட்டி ஒதுக்கிக்கொண்டு நில்லுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். காயை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விடக் கூடாது.

காயின் சாறு சொட்டி பர்னரின் தீ அணைந்துவிடலாம், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். வாடை வந்தால் உடனே திருகை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறங்கள். மின்சார ஸ்விட்சைத் தொடாதீர்கள். வாடை முழுவதும் போன பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும். பர்னர் ஆறியதும் துளைகளைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். கை சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கத்தரிக்காய் சாப்பிட்டால் சிலருக்கு வாய் நமைக்கும், உடம்பில் தடிப்பு வரும். அப்படிப்பட்டவர்கள் சுட்டது என்பதற்காகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். பொரித்த கத்தரிக்காயைவிட இதில் எண்ணெய் மிகக் குறைவு என்பது உண்மை. சர்க்கரை நோய்க்குக் கத்தரிக்காய் மருந்து என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இது உணவு, மருந்து அல்ல.

செலவும் மீதியும்

ஒரு பெரிய காய், இரண்டு வெங்காயம், இரண்டு தக்காளி இருந்தால் நான்கு பேருக்கு ரொட்டியோடு ஒரு வேளை முடிந்துவிடும். கறி வாங்க முடியாத நாளிலும் பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடும் கறி இது. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பொருந்தும். சூடான சோறு, பாசிப்பருப்புக் கடைசலோடும் நன்றாக இருக்கும். மீந்ததைத் தயிரில் கலந்து கடுகு தாளித்தால் மறுநாள் பச்சடி.

இரண்டு மூன்று காய்களை ஒரே நாளில் சுட்டு வைத்துக்கொள்ளலாம். உரித்து மசித்த சதை ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். உறைய வைக்கும் தட்டில் ஒரு மாதம் வரை வைக்கலாம். தாளிப்பதற்குப் பத்து நிமிட வேலைதான் மிச்சம்.

வெங்காயம் வதக்குவதை உம்மாவோ ராத்தாவோ பார்த்துக்கொண்டால், காயைச் சுடும் வேலையை வாப்பாவோ வளர்ந்த மகனோ எடுத்துக்கொள்ளலாம். இடுக்கியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: தோல் கறுத்ததும் பதறி இறக்கிவிடக் கூடாது. காய் தொய்ந்து படுத்த பிறகே இறக்க வேண்டும்.